ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் 13 வருடங்கள்

வாரநாட்களில் நான் மென்பொருள் சோதிக்கிறவள். சனிக்கிழமைகளில் நியூ ஜெர்சியில் எங்கள் ஊர்ச் சிறுமிகளின் சாஃப்ட்பால் ஆட்டங்களுக்கு அம்பயர். மகள் விளையாடத் தொடங்கிய வருடம், ஆள் போதவில்லை என்று கூப்பிட்டார்கள். அவள் விளையாட்டை நிறுத்தி நாலு வருடமாகிறது. நான் இன்னும் போய்க்கொண்டிருக்கிறேன்.

எனக்குச் சொல்லிக்கொடுத்த பெரியவர் முதல் நாள் சொன்னது ஒன்றே ஒன்று: பந்து, அடிப்பவருக்குப் பின்னால் உட்கார்ந்து பிடிக்கும் கேட்சரின் கையுறைக்குள் விழும் சத்தம் கேட்கிற வரை மனசுக்குள்கூட முடிவு செய்யாதே. விழட்டும். ஒரு மூச்சு விடு. அப்புறம், அடிக்கக்கூடிய இடத்தில் வந்த ஸ்ட்ரைக்கா, விலகி வந்த பாலா என்று சொல். முன்பே முடிவு செய்தால் பந்து, அடிப்பவர் பக்கத்தில் தரையில் பதித்திருக்கும் பிளேட்டுக்கு மேலே வந்ததும் வளைந்து ஏமாற்றிவிடும். அந்த ஒரு மூச்சுக்குள்தான் இந்த வேலை முழுக்க இருக்கிறது.

வேலை நன்றாக நடந்தால் அம்பயர் அங்கே இருந்ததே யாருக்கும் நினைவிருக்காது. என் அலுவலக வேலையும் அப்படித்தான். பிழை வெளியே போகவில்லை என்றால் நான் என்ன செய்தேன் என்று காட்ட ஒன்றும் இருக்காது. முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் வராதபோது காரணம் கேட்டேன். "எல்லாம் சரியாத்தான் போகுது. ஆனா உங்க பங்கு என்னன்னு மேலே கேட்டா என்னால சொல்ல முடியலை" என்றார் மேலாளர். அந்த வாரம்தான் பேஸ்பால் அம்பயராக இருந்த பாம் போஸ்டெமா என்ற பெண்ணைப் பற்றிப் படித்தேன்.

ஒஹாயோ மாநிலத்தில் வில்லர்டு என்ற சிற்றூர்க்காரர். 1977இல் புளோரிடாவில் டேடோனா பீச்சில் இருந்த அம்பயர் பள்ளியில் சேர்ந்தார். 130 பேர் படித்த வகுப்பில் 17ஆவதாகத் தேறினார். அதே வருடம், பேஸ்பாலின் உச்சமான மேஜர் லீக்குக்குக் கீழே பல படிகளாக இருக்கும் மைனர் லீக்கின் அடிப்படியில் வேலை கிடைத்தது. அங்கிருந்து புளோரிடா ஸ்டேட் லீக், டெக்சாஸ் லீக், பசிபிக் கோஸ்ட் லீக் என்று படிப்படியாக ஏறினார். கடைசியாகச் சொன்னது ட்ரிபிள் ஏ. அதற்கு மேல் மேஜர் லீக் மட்டும்தான்.

அந்தப் படிகளில் இருப்பவர்களின் வாழ்க்கை எப்படி என்று தெரிந்தால்தான் போஸ்டெமா அங்கே கழித்த 13 வருடத்தின் கனம் புரியும். கீழ் லீக்குகளில் ஓர் ஆட்டத்துக்கு இரண்டே அம்பயர்கள். ஒருவர் பிளேட்டுக்குப் பின்னால், மற்றவர் தனியாளாக, ஓடுகிறவர்கள் தொட வேண்டிய மூன்று பேஸையும் ஓடி ஓடிப் பார்க்க வேண்டும். இரவு ஆட்டம் முடிந்ததும் அதே இரண்டு பேரும் காரை எடுத்துக்கொண்டு அடுத்த ஊருக்குக் கிளம்ப வேண்டும். வீரர்களுக்காவது பாதி நாள் சொந்த மைதானம் உண்டு. அம்பயருக்கு எல்லா ஊரும் வெளியூர்தான், எல்லாக் கூட்டமும் எதிர்க்கூட்டம்தான். மேலே இடம் காலியாவதும் அபூர்வம். மேலே போக மாட்டார் என்று நினைத்தால் விடுவித்துவிடுவார்கள்.

1988இல் மேஜர் லீக் அணிகளின் வசந்தகாலப் பயிற்சி ஆட்டங்களுக்கு போஸ்டெமாவை அழைத்தார்கள். அப்போது ஹூஸ்டன் அணியின் பந்துவீச்சாளர் பாப் நெப்பர், பெண்கள் அம்பயராக இருக்கக் கூடாது, கடவுள் பெண்ணுக்கு வகுத்த இடம் அது இல்லை என்று வெளிப்படையாகவே சொன்னார். போஸ்டெமாவின் திறமைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றும் நெப்பரே சேர்த்துச் சொன்னார். இந்தக் கடைசி வாக்கியத்தை நான் எத்தனை முறை படித்திருப்பேன் என்று கணக்கில்லை. வேலையில் குறை சொல்லியிருந்தால் திருத்திக்கொள்ளலாம். குறையே இல்லை என்பவரிடம் எதைத் திருத்திக் காட்டுவது?

போஸ்டெமாவுக்கு ஆதரவாக இருந்த பார்ட் ஜியாமட்டி 1989 ஏப்ரலில் பேஸ்பால் கமிஷனர் ஆனார். செப்டம்பர் 1 அன்று இறந்துபோனார். அந்த சீசன் முடிந்ததும் போஸ்டெமாவை விடுவித்துவிட்டார்கள். 1991இல் பாலினப் பாகுபாடு என்று வழக்குப் போட்டார். அது நீதிமன்றத்துக்கு வெளியே சமரசத்தில் முடிந்தது. பிறகு லாரி ஓட்டினார், வெல்டிங் வேலை செய்தார்.

அவருக்கு முன்பு பெர்னிஸ் கெரா என்ற நியூயார்க் இல்லத்தரசி, அம்பயர் வேலைக்கு 5 அடி 10 அங்குல உயரமும் 170 பவுண்ட் எடையும் வேண்டும் என்ற விதியை எதிர்த்து வருடக்கணக்கில் வழக்காடி ஜெயித்தார். 1972 ஜூன் 24 அன்று நியூயார்க் மாநிலத்தில் ஜெனீவா என்ற ஊரில் ஓர் ஆட்டத்துக்கு நின்றார். ஆட்டம் முடிந்ததுமே விலகிவிட்டார். சக அம்பயர்கள் ஒத்துழைக்காததே காரணம் என்று சொன்னார். அவரைத் தோற்றவர் என்று எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கூட நிற்கும் அம்பயரின் கண்ணசைவு இல்லாமல் இந்த வேலையைச் செய்யவே முடியாது. சிறுமிகளின் ஆட்டத்திலேயே நான் அதைப் பார்த்திருக்கிறேன்.

ஆட்டக்காரருக்கு எண்கள் உண்டு. எத்தனை அடித்தார், எத்தனை பேரை அவுட்டாக்கினார் என்று நீட்டிக் காட்டலாம். போஸ்டெமாவிடம் நீட்ட ஒரு எண்ணும் இல்லை. அவரைப் பற்றி மற்றவர்கள் எழுதிய குறிப்புகள்தான் அவருடைய 13 வருடம்.

ஜென் பாவல் என்ற பெண் அம்பயர் 2023இல் ட்ரிபிள் ஏவுக்கு வந்தபோது, போஸ்டெமா போய் 34 வருடம் ஆகியிருந்தது. நியூ ஜெர்சியில் வளர்ந்தவர், கல்லூரியில் சாஃப்ட்பால் கேட்சர். அவர் வந்த வருடம் ட்ரிபிள் ஏ மைதானங்கள் எல்லாவற்றிலும் பந்தின் பாதையைக் கேமராவால் அளந்து ஸ்ட்ரைக்கா இல்லையா என்று சொல்லும் முறை வந்துவிட்டது. அம்பயர்கள் பலருக்கு அது பிடிக்கவில்லை, அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனால் எனக்கு அது வேறு மாதிரிப் பட்டது. ஓர் அம்பயரின் கண் எத்தனை சரி என்பதை இனி யாருடைய தயவும் இல்லாமல் காட்டலாம். பாவல் மேலே வந்ததற்கு இதுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. 1988இல் இது இருந்திருந்தால் என்று மட்டும் நினைத்துக்கொள்கிறேன்.

1,200க்கு மேற்பட்ட மைனர் லீக் ஆட்டங்களுக்குப் பிறகு, 2025 ஆகஸ்ட் 9 அன்று அட்லாண்டாவில் பாவல் முதல் பேஸில் நின்றார். மேஜர் லீக் சீசன் ஆட்டத்தில் ஒரு பெண் அம்பயர் நின்றது அதுதான் முதல் முறை. வயது 48. மறுநாள் அதே மைதானத்தில் பிளேட்டுக்குப் பின்னால்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தை வீட்டில் பார்த்தேன். கேட்சரின் தோளுக்கு மேலே அவர் குனிந்து நிற்பது, பந்து கையுறையில் விழுவது, அந்த ஒரு மூச்சு, அப்புறம் கை எழுவது. ஒவ்வொரு பந்துக்கும் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். சமையலறையிலிருந்து மகள் ஸ்கோர் என்ன என்று கேட்டாள்.

"பார்க்கலைடா" என்றேன்.