நிறம் வந்துவிட்டது

“கலர் வந்துடுச்சு, பாத்தீங்களா?” என்றார், நான் பராமரிக்கும் பவளத் தொட்டி ஒன்றின் சொந்தக்காரர். “ஆமா சார், வந்திருக்கு” என்றேன். நடந்தது இவ்வளவுதான். ஏழெட்டு மாதம் ஆகிறது. இப்போதும் ஏதாவது ஒரு தொட்டியில் முழங்கை வரை கையை விட்டுக் கண்ணாடியைத் தேய்த்துக்கொண்டிருக்கும்போது அந்த ‘ஆமா’ நினைவுக்கு வந்து தொலைக்கிறது.

பொய்யா சொன்னாய் என்று கேட்டால், இல்லை. நிறம் வந்துதான் இருந்தது.

விளக்கை மாற்றச் சொன்னது நான். ஆறு டி5 குழல் விளக்குகள் இருந்த தொட்டி அது. குழல் எரிந்துகொண்டே இருக்கும், ஆனால் ஒரு வருடத்துக்குள் அதன் ஒளியும் நிறமும் இறங்கிவிடும். மாற்றச் சொன்னால் “நல்லாத்தானே எரியுது” என்பார். இந்தப் பாட்டே வேண்டாம், எல்இடிக்குப் போய்விடலாம் என்றேன். அவர் சட்டென்று ஒத்துக்கொண்டதற்குக் காரணம் வேறு. படங்களில் பார்த்த அந்தப் பளீர் பச்சையும் ஊதாவும் அவருக்கு வேண்டும். உச்சிப் பாறையில் இருந்த அக்ரோபோரா என்ற கிளைப் பவளம், ஐந்து வருடம் முன்பு விரல் நீளத் துண்டாக ஒட்டியது, இரண்டு கை கொள்ளாத புதராக வளர்ந்திருந்தது. நிறம் மட்டும் காய்ந்த இலைப் பழுப்பு. “இவ்ளோ வளத்தும் மண் கலர்லயே இருக்கே” என்பது ஒவ்வொரு முறையும் நான் கேட்கும் குறை.

அந்தப் பழுப்பு பவளத்துடையதே இல்லை. அதன் திசுவுக்குள் குடியிருக்கும் நுண்பாசியின் நிறம் அது. பவளம் உயிர் வாழ்வதே பெரும்பாலும் அந்தப் பாசி ஒளியை வைத்துச் சமைத்துக் கொடுப்பதில்தான். ஒளி குறைந்தாலோ, தண்ணீரில் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் ஏறினாலோ பாசி பெருகும், பவளம் பழுப்பேறும். ஒளி கூடினால் பவளம் தன் பங்குக்கு நிறப் புரதங்களைச் செய்துகொள்ளும், வெயிலுக்குக் குடை பிடிப்பது மாதிரி. நாம் ‘கலர், கலர்’ என்று ஆசைப்படுவது அந்தக் குடையைப் பார்த்துத்தான். இதையெல்லாம் அவருக்கு உட்கார வைத்துச் சொல்லியிருக்கிறேன். இதே மாதிரியான ஒளிரும் பச்சைப் புரதம் முதலில் ஒரு ஜெல்லி மீனில் கிடைத்தது, அதற்கு 2008-இல் வேதியியல் நோபல் கொடுத்தார்கள் என்பது வரை சொன்னேன். நோபல் விஷயம் அவருக்கு ரொம்பப் பிடித்துப்போனது. மற்றதெல்லாம் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை.

புது விளக்கை மாட்டிய அன்று நீலத்தை 50 சதவீதத்திலும் வெள்ளையை அதைவிட நன்றாகக் குறைத்தும் வைத்து, பார் மீட்டரின், அதாவது பாசிக்குப் பயன்படும் ஒளியை அளக்கும் கருவியின், சென்சாரை அக்ரோபோராவின் தலையருகே பிடித்தேன். 210. பழைய குழல்களின் கீழே அதே இடத்தில் 190. அக்ரோபோரா போன்றவற்றுக்கு 200-லிருந்து 350 வரை வைப்பது வழக்கம். கீழே மணலில் ஆடிக்கொண்டிருக்கும் யூஃபில்லியா பவளத்துக்கு 100 சொச்சம் போதும். எல்லாம் கச்சிதமாக இருந்தது. விளக்கின் ஆப்பில் பழக்கப்படுத்தும் செட்டிங் ஒன்று உண்டு. குறைத்துத் தொடங்கி, வாரக்கணக்கில் மெல்ல மெல்ல ஏற்றும். அதைத் தட்டிவிட்டுக் கிளம்பியிருந்தால் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

அவர் நாலடி தள்ளி நின்று பார்த்தார். “பழசை விட மங்கலால்ல இருக்கு?”

மங்கலாகத்தான் இருந்தது. இருக்கும். மனிதக் கண்ணுக்குக் கூர்மை பச்சையில், 555 நானோமீட்டர் வாக்கில். 450 பக்கம் இருக்கும் நீலத்தை எவ்வளவு கொட்டினாலும் நமக்கு அது அரையிருட்டு. பாசிக்கு அப்படி இல்லை, அது ஆசையாக உறிஞ்சுவதே அந்த நீலத்தைத்தான். கடலிலும் சிவப்பு முதல் சில மீட்டரிலேயே கரைந்துபோகிறது, கீழே இறங்குவது நீலம். நமக்கு இருட்டாகத் தெரியும் தொட்டியில் பவளம் கண் கூசிக்கொண்டு நிற்கலாம். இதைச் சொல்ல ஒரு நிமிடம் ஆகியிருக்குமா? ஆனால் அன்றைக்கு இன்னொரு தொட்டி பாக்கி இருந்தது, அவர் முகத்தில் புதுப் பொருள் வாங்கியவரின் சந்தேகம் தெரிந்தது. “கொஞ்சம் ஏத்திடலாம் சார், தாங்கும்” என்று 70-க்குத் தள்ளினேன். மீட்டரை அதற்குள் துடைத்துப் பெட்டியில் வைத்துவிட்டிருந்தேன். மறுபடி எடுக்கச் சோம்பலாக இருந்தது.

50-இல் 210 என்றால் 70-இல் 290 பக்கம் வரும், பள்ளிக்கூடக் கணக்கு. போதாததற்கு என் மீட்டர் பழைய வகை. அந்தச் சென்சார்கள் நீலத்தைக் குறைத்துக் காட்டும், ஊதாவை ஏறக்குறைய கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. குழல் விளக்குக்கு அது பெரிய விஷயமில்லை. நீல எல்இடிக்கு விஷயம்தான். ஆக, 190-இல் ஐந்து வருடம் இருந்த உயிரை ஒரு சாயங்காலத்தில் 300-க்கு மேலே கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறேன். 300 தப்பான எண் இல்லை. ஒரு சாயங்காலம் என்பதுதான் தப்பு.

இப்படி எழுதிப் பார்த்தால் எல்லாம் என் தலையில்தான் விழுகிறது. ஆனால் அதே வாரம் அவர் பாஸ்பேட் உறிஞ்சியை வழக்கத்தைப் போல இரண்டு மடங்கு போட்டிருக்கிறார், என்னிடம் சொல்லாமல். நான் பிறகு பாஸ்பேட் சோதித்துப் பார்த்தபோது குப்பியில் துளி நிறம் ஏறவில்லை. ஒளி நிறைய, சத்து பூஜ்யம் என்றால் பவளம் வெளுக்கும். இந்த வேலையில் இருக்கும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். விளக்கு மட்டும்தான் காரணம் என்று எப்படிச் சொல்வது? சொல்ல முடியாதுதான். எனக்குச் சௌகரியமாக இருப்பதால்தான் அந்த உறிஞ்சி இவ்வளவு நன்றாக நினைவிருக்கிறதோ என்றும் தோன்றுகிறது.

மூன்றாவது வாரம் போனேன். உறவுக்காரர்கள் நாலைந்து பேர் தொட்டி முன்னால் நின்றிருந்தார்கள். “இது நோபல் வாங்கின பச்சை” என்று அவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர, “வாங்க வாங்க. கலர் வந்துடுச்சு, பாத்தீங்களா?”

அக்ரோபோரா எரிந்துகொண்டிருந்தது. அப்படி ஒரு பச்சை. நுனிகளில் ஊதா. நானும் ஒரு நொடி அசந்துதான் போனேன். “ஆமா சார், வந்திருக்கு.”

அவர்கள் உள்ளறைக்குப் போனதும் சுத்தம் செய்ய நீலத்தை அணைத்து வெள்ளையை மட்டும் போட்டேன். பச்சை காணாமல் போனது. கிளைகளின் மேற்பக்கம் தண்ணீர் கலந்த பால் மாதிரி இருந்தது. திசு கண்ணாடியாக, அதன் வழியே எலும்புக்கூட்டின் வெள்ளைக் குழிகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. நிழல் விழும் அடிப்பக்கத்தில் மட்டும் பழைய பழுப்பு, கோடு கிழித்த மாதிரி. பாசி வெளியேறிக்கொண்டிருந்தது. அவர் பார்த்துப் பூரித்தது வெளிறலைத்தான்.

உள்ளறையில் பேச்சு நின்று செருப்புச் சத்தம் கேட்டது. நான் நீலத்தை மறுபடி போட்டுவிட்டேன்.

அந்த ‘ஆமா’வைக் கூட மன்னித்துவிடலாம். நாலு பேர் முன்னால் வேறென்ன சொல்வது? சுவிட்சைத் தட்டிய விரல்தான் விடமாட்டேன் என்கிறது. அதற்கு யாரும் என்னைக் கேட்கவில்லை, அவசரமும் இல்லை.

அப்புறம் ஆப்பைத் திறந்து 40-க்கு இறக்கினேன். “ஒரு சின்ன செட்டிங் சார், கொஞ்ச நாள் இப்படி இருக்கட்டும்” என்றேன். உறிஞ்சியை எடுத்துவிட்டேன், மீன்களுக்குத் தீனியைக் கொஞ்சம் கூட்டச் சொன்னேன். வேலையைப் பொறுத்தவரை செய்ய வேண்டியதைச் செய்தேன். வார்த்தையில்தான் செய்யவில்லை. என்னோடு வரும் பையன் வண்டியில் ஏறியதும் கேட்டான், “சொல்லியிருக்கலாமே அண்ணே?” சொன்னால் அவர் பதறுவார், அன்று ராத்திரியே பாதித் தண்ணீரை மாற்றுவார், யாரிடமாவது கேட்டு எதையாவது ஊற்றுவார், வெளுத்த பவளம் அதில்தான் சாகும் என்றேன். உண்மைதான், பதற்றத்தில் போன தொட்டிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அவன் ஒன்றும் பேசவில்லை. நான் தேவைக்கு மேல் குரலை உயர்த்தியிருந்தேன் என்பது வீடு வந்த பிறகுதான் உறைத்தது.

பிறகு தேடிப் படித்ததில் இதற்குப் பெயரே இருப்பது தெரிந்தது, வண்ண வெளிறல். 2020-இல் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தார் விளக்கியிருக்கிறார்கள். பாசி போனதும் வெள்ளை எலும்பில் பட்டுத் திரும்பும் ஒளி திசுவுக்குள் பெருகுகிறது, அந்த ஒளியே பவளத்தை மேலும் நிறப் புரதம் செய்யத் தூண்டுகிறது. அந்தக் குடை இருந்தால் பாசி திரும்பி வர வசதி. கடுமையில்லாத, சீக்கிரம் முடிகிற பாதிப்பில்தான் இது பெரும்பாலும் தெரியுமாம். படித்ததும் மனசுக்கு இதமாக இருந்தது. அப்படியானால் நிறம் வந்தது நல்ல அறிகுறியும்தானே, நான் சொன்ன ‘ஆமா’ கிட்டத்தட்டச் சரிதானே? ஆனால் சொன்ன அன்றைக்கு எனக்கு இது தெரியாது.

பவளம் பிழைத்துவிட்டது. ஒரே ஒரு கிளை நுனி செத்து அதில் மயிர்ப்பாசி படர்ந்தது, அதை நறுக்கி எடுத்தேன். இரண்டு மாதத்தில் அடியிலிருந்து மேலாகப் பழுப்பு ஏறி வந்தது. அதைப் பார்த்து எனக்கு எவ்வளவு சந்தோஷம்! பாலிப்கள், அதாவது பவளத்தின் குட்டிக் குட்டி உயிர்கள், வெளியே வந்து புதர் மறுபடி சொரசொரப்பாகத் தெரிந்தது. வாரத்துக்கு இரண்டு சதவீதம் வீதம் ஒளியை ஏற்றிக்கொண்டு வருகிறேன், இப்போது 58. நுனிகளில் பச்சை எட்டிப் பார்க்கிறது, வெள்ளை விளக்கிலும் தெரிகிற பச்சை.

அவர் அதைக் கவனிப்பதில்லை. போன முறை போனபோது கையைக் கட்டிக்கொண்டு தொட்டி முன்னால் நின்றிருந்தார். “அப்போ எவ்ளோ நல்லா இருந்துச்சு. நீங்க என்னமோ பண்ணி மறுபடி மண் கலராக்கிட்டீங்க. அந்தப் பழைய செட்டிங்கை வைக்க முடியாதா?”

“வைக்கலாம் சார், மெதுவா” என்றேன்.

ஆப்பில் அது இன்னும் இருக்கிறது. 70 சதவீதம், அவரே சேமித்து ‘கலர்’ என்று பெயர் வைத்திருக்கிறார். ஒவ்வொரு முறை போகும்போதும் அழிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அழித்தால் ஏன் என்று கேட்பார்.