தபால் பெட்டியில் அப்பா

செப்டம்பர் 28, 2025, ஞாயிறு

லைப்சிக் வந்து சேர்ந்தாயிற்று. ஞாயிற்றுக்கிழமை பார்த்து வந்து இறங்கியதுதான் முதல் தப்பு. ஜெர்மனியில் ஞாயிறு என்றால் கடைகள் பூட்டு, பெரிய ரயில் நிலையத்துக்குள் இருக்கும் சில கடைகள்தான் திறந்திருக்கும் என்று படித்துவிட்டுத்தான் கிளம்பினேன். ஆனால் இரண்டு பெட்டிகளை இழுத்துக்கொண்டு அதே ஸ்டேஷனைக் கடந்தபோது அது நினைவுக்கு வரவில்லை, அறைக்கு வந்து செருப்பைக் கழற்றி, பசித்த பிறகுதான் வந்தது. விமானத்தில் கொடுத்த பிஸ்கட்டில் ராத்திரி கழிந்தது. நான்கு பேர் பகிர்ந்துகொள்ளும் வீடு, ஆளுக்கொரு அறை, சமையலறை பொது.

அக்டோபர் 1, புதன்

இங்கே முகவரியில் பெரும்பாலும் கதவு எண் போடுவதில்லை. தெரு, கட்டட எண், ஊர், அவ்வளவுதான். கீழே வரிசையாக இருக்கும் பெட்டிகளில் எதில் உங்கள் பெயர் இருக்கிறது என்று பார்த்துத் தபால்காரர் போட்டுவிட்டுப் போவார். பெயர் இல்லையென்றால் கடிதம் வந்த வழியே திரும்பிவிடும். அடுத்த அறைப் பெண் இன்று காலையில் முதல் வேலையாக “பெட்டியில் பேரை ஒட்டு” என்றாள். வெள்ளை டேப்பில் கொட்டை எழுத்தில் என் பெயரை எழுதி ஒட்டிவிட்டு, கொஞ்சம் தள்ளி நின்று ஒருமுறை ரசித்தும் பார்த்தேன்.

குடிவந்து இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிய வேண்டும், அன்மெல்டுங் என்கிறார்கள். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட காகிதம் வேண்டும். பதிவுச் சான்று கொடுத்தால்தான் என் வங்கி கணக்கைத் தொடங்கும், கணக்கு தொடங்கினால்தான் விசாவுக்காக முடக்கி வைத்த 11,904 யூரோவிலிருந்து மாதம் 992 வெளியே வரும். நம் பணத்தை நமக்கே தவணையில் தருகிறார்கள். (நம் பணம் என்று சொல்வதா, கல்விக் கடன் அது.)

அக்டோபர் 8, புதன்

பதிவு முடிந்தது, மொத்தமே பத்து நிமிடம். படிவத்தில் மதம் என்ன என்றுகூட ஒரு கட்டம், சர்ச் வரிக்காகவாம். அதைத் தாண்டிவிட்டேன், குடும்பப் பெயர் என்ற கட்டத்தில்தான் மாட்டிக்கொண்டேன். பாஸ்போர்ட் எடுத்த காலத்தில் அந்த இடத்தில் அப்பா பெயரைப் போட்டுவிட்டோம், நம்மில் பாதிப் பேருக்கு அப்படித்தான். எங்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது, அப்பா பெயரின் முதல் எழுத்துதான் இனிஷியல், இது என் பெயரே இல்லை என்று எனக்குத் தெரிந்த ஜெர்மனில் ஆரம்பித்தேன், இரண்டாவது வினைச்சொல்லைத் தேடும்போதே பதிவு அலுவலக அம்மா தட்டச்சு செய்து முடித்துவிட்டார். ஃப்ராவ் என்று போட்டு, பக்கத்தில் அப்பா பெயர். ஆக நான் இனி திருமதி அப்பா.

அக்டோபர் 14, செவ்வாய்

ஒன்பது மணி வகுப்புக்கு 8.50க்கே போய் உட்கார்ந்தேன், ஈ காக்கை இல்லை. அட்டவணையில் 9 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் ‘சி.டி.’ என்று இருந்ததை நான் கவனித்தேன்தான், ஏதோ அறை எண் என்று நினைத்தேன். ‘நேரத்தோடு’ என்பதற்கான லத்தீன் சுருக்கமாம், அப்படிப் போட்டிருந்தால் 9.15க்குத்தான் தொடக்கம். முடிந்ததும் யாரும் கைதட்டவில்லை, எல்லோரும் விரல் முட்டியால் மேசையைத் தட்டினார்கள். நானும் தட்டினேன், கொஞ்சம் ஓங்கித் தட்டிவிட்டேன் போல, பக்கத்தில் இருந்தவன் திரும்பிப் பார்த்தான்.

டூ, ஸீ பற்றிப் பயமே இல்லாமல் வந்தேன். நீ, நீங்கள், நமக்குத் தெரியாததா? ஆனால் கணக்கு வேறாக இருக்கிறது. முன்பின் தெரியாதவர் என்றால் நம் வாயில் தானாக ‘நீங்க’ வரும், இங்கே மாணவர்களுக்குள் முதல் நிமிடத்திலிருந்தே ‘நீ’தான். ஒருத்தியை மரியாதையாகக் கூப்பிட்டேன், “எனக்கு அவ்வளவு வயசா தெரியுது?” என்று கேட்டாள்.

அக்டோபர் 22, புதன்

வங்கி அட்டை வரவில்லை. அதன் ரகசிய எண் தனித் தபாலில் வர வேண்டும், அதுவும் வரவில்லை. வாடகை நாள் நெருங்குகிறது. போன் செய்தால், இரண்டும் அனுப்பி இரண்டும் திரும்பி வந்துவிட்டன, அந்த முகவரியில் அப்படி யாரும் இல்லையாம். கோபமாகக் கீழே இறங்கி பெட்டி முன்னால் நின்றேன். என் பெயர் அழகாகத்தான் இருந்தது. என் பெயர் மட்டும்தான் இருந்தது. கடிதங்கள் வருவதோ அப்பா பெயருக்கு.

பழைய டேப்பைக் கிழித்தால் பாதி வந்தது, பாதி பசையோடு அப்படியே நின்றது, நகத்தால் சுரண்டினேன். அப்பா பெயர் ஆங்கில எழுத்தில் பதினாறு. பெட்டியின் அகலத்துக்கு நான் எழுதும் அளவில் பதினொன்றுதான் பிடித்தது. மூன்றாவது தடவை பொடி எழுத்தில் ஒரு வழியாக அடங்கியது. என் பெயருக்கு இடமில்லை, முன்னால் ஓர் எழுத்தும் புள்ளியும் மட்டும். இனிஷியல் இப்போது நான்தான்.

அக்டோபர் 26, ஞாயிறு

ராத்திரி மூன்று மணி மறுபடியும் இரண்டு மணி ஆகிவிட்டது. போன் தானாக மாறிக்கொண்டது, அடுப்பில் இருக்கும் கடிகாரத்தை மாற்ற ஒருவருக்கும் தெரியவில்லை, மார்ச் மாதம் தானாகச் சரியாகிவிடும் என்கிறார்கள். இந்தியாவோடு இருந்த மூன்றரை மணி நேர வித்தியாசம் நாலரை ஆகிவிட்டது, அம்மாவுக்கு அதைச் சொல்ல மறந்தேன். வழக்கமான நேரத்துக்கு எழுப்பிவிட்டு, “இன்னுமா தூங்குற?” சாயங்காலம் ஐந்துக்கே இருட்டு.

அக்டோபர் 30, வியாழன்

காய்ச்சல். டாக்டர் இருப்பது எங்கள் வீதியிலேயே நாலாவது கட்டடத்தில். காத்திருக்கும் அறையில் “ஃப்ராவ்...” என்று அப்பா பெயரைச் சொல்லி அழைத்தார்கள், அப்பா பெயர் கேட்டதும் நான் என்னையறியாமல் வாசலைப் பார்த்தேன். மூன்றாவது முறைதான் எழுந்தேன்.

நவம்பர் 4, செவ்வாய்

பெட்டி நிறையத் தபால். வங்கி அட்டை, பதினொரு இலக்க வரி எண், அப்புறம் வானொலி தொலைக்காட்சிக் கட்டணம், மாதம் 18.36 யூரோ. டிவியே இல்லை என்றேன், இருக்கத் தேவையில்லையாம், வீடு இருந்தால் போதும். ஒரு வீட்டுக்கு ஒரு கட்டணம் என்பதால் எங்கள் வீட்டில் ஏற்கெனவே கட்டும் பெண்ணின் கட்டண எண்ணை எழுதி அனுப்பினால் சரி, ஆளுக்கு 4.59.

மூன்று உறைகளையும் மேசையில் பரப்பி, பெயர் தெரிகிற மாதிரி படம் எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன். ரொம்ப நேரம் பதில் இல்லை, இரண்டு நீல டிக் மட்டும். பிறகு வந்தது: “என் பேருக்கு வந்த லெட்டரை நீ எப்படிப் பிரிச்ச?”