சொந்த ட்ரக்கோடு ஒரு பிளாட்பெட் நிறுவனத்தில் இணைவது

கனடாவில் பாரவூர்தி ஓட்டத் தொடங்கும் நம்மவர்கள் முதலில் ஏறுவது பெரும்பாலும் மூடிய பெட்டி வண்டியில்தான். ஒன்ராறியோவில் 2017 ஜூலை முதல் கட்டாயமாக்கப்பட்ட 103.5 மணிநேரப் பயிற்சியை முடித்து, ட்ரெயிலர் இழுக்கும் பெரிய பாரவூர்திக்கான ஏஸெட் உரிமம் பெற்ற ஒருவருக்கு, 401 நெடுஞ்சாலையில் ரொறன்ரோவுக்கும் மொன்றியலுக்கும் இடையே பொதுச் சரக்கு ஏற்றிச் செல்லும் வேலை கிடைப்பது அவ்வளவு கடினமில்லை. நிரந்தர வதிவுரிமை மட்டும் பெற்று, இலங்கைக் கடவுச்சீட்டோடு இருப்பவர் அமெரிக்க எல்லையைக் கடக்க விசா எடுக்க வேண்டும் என்பதால், குடியுரிமை கிடைக்கும்வரை நான் உள்நாட்டுப் பாதைகளிலேயே ஓடினேன். அதன்பின் சொந்த ட்ரக் வாங்கி, இரும்பும் இயந்திரமும் ஏற்றும் திறந்த தள வண்டியான பிளாட்பெட்டை இழுப்பதென்று தீர்மானித்தபோது, எந்த நிறுவனத்தோடு இணைவது என்பதே எல்லாவற்றிலும் பெரிய கேள்வியாக நின்றது.

இந்த ஏற்பாட்டில் ட்ரக் நம்முடையது. தவணை, டீசல், டயர், பழுதுபார்ப்பு எல்லாம் நம் பொறுப்பு. ஆனால் கதவில் ஒட்டியிருப்பது நிறுவனத்தின் பெயர். வண்டி ஓடுவது அவர்களுடைய இயக்க உரிமத்திலும் பொறுப்புக் காப்புறுதியிலும். சொந்த உரிமம் எடுத்து ஓடலாம் என்றாலும், புதிதாகத் தொடங்குபவரிடம் காப்புறுதி நிறுவனங்கள் கேட்கும் தொகையைத் தாங்குவது எளிதன்று. ஆகவே பலரும் ஒரு நிறுவனத்தின் கீழேதான் தொடங்குகிறார்கள்.

நம்மவர்கள் இருவர் சந்தித்தால் முதலில் கேட்பது, "எத்தனை வீதம் தாறாங்கள்?" என்பதுதான். அந்த எண் தனியாக நின்று எதையும் சொல்வதில்லை. ஒரு சுமைக்கு வாடிக்கையாளர் 2,000 டொலர் கொடுக்கிறார், அதில் 400 டொலர் எரிபொருள் மேலதிகக் கட்டணம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நிறுவனம் 75 வீதம் தருவதாகச் சொல்லி, மேலதிகக் கட்டணத்தைத் தானே வைத்துக்கொண்டால் நமக்கு வருவது 1,200 டொலர். இன்னொரு நிறுவனம் 70 வீதமே தந்து, மேலதிகக் கட்டணத்தை முழுதாக நம்மிடம் கொடுத்தால் வருவது 1,520 டொலர். டீசலை நம் பணத்தில் அடிக்கும்போது இந்த 320 டொலர் மிகப் பெரிய வித்தியாசம். எல்லை கடந்து ஓடுபவர் இன்னொன்றையும் கேட்க வேண்டும்: வாடிக்கையாளர் அமெரிக்க டொலரில் செலுத்தும் கட்டணத்தை நிறுவனம் எந்த நாளின் நாணய மாற்று வீதத்தில் கனடிய டொலராக்கி நமக்குத் தருகிறது? மைல் கணக்கில் பணம் தரும் இடமென்றால், அது உண்மையில் ஓடிய மைலா, அல்லது இரண்டு ஊர்களுக்கு இடையே அட்டவணையில் குறித்துவைத்த குறைந்த மைலா என்பதையும் கேட்க வேண்டும்.

ஒப்பந்தத்தைப் படிக்க நான் அளவுகோலாக வைத்துக்கொண்டது அமெரிக்கக் கூட்டாட்சி விதிகளில் 49ஆம் தலைப்பின் 376ஆம் பகுதி. வண்டியைக் குத்தகைக்குக் கொடுப்பவரின் உரிமைகள் அங்கே தெளிவாக எழுதப்பட்டுள்ளன. தேவையான ஆவணங்களைக் கொடுத்த 15 நாட்களுக்குள் பணம் தர வேண்டும். வருமானத்தில் வீதம் தருவதாக ஒப்பந்தம் செய்தால், வாடிக்கையாளருக்கு அனுப்பிய கட்டணச் சீட்டின் பிரதியையோ அதே விவரங்கள் அடங்கிய ஆவணத்தையோ நமக்கும் தர வேண்டும். எந்தச் செலவு யாருடையது, எதை நம் கணக்கில் கழிப்பார்கள், அதை எப்படிக் கணக்கிடுவார்கள் என்பதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். நிறுவனத்திடமிருந்தே பொருளோ சேவையோ வாங்க வேண்டும் என்று இணைவதற்கு நிபந்தனை வைக்க முடியாது. கட்டணச் சீட்டைக் காட்ட முடியுமா என்று நான் கேட்டபோது, ஒரு நிறுவனத்தில் ஆளெடுப்பவர், "அது எங்கடை வழக்கமில்லை" என்றார். அவருக்கு நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்து, சுமை எங்கிருந்து வருகிறது என்பது. ஒன்ராறியோவில் பிளாட்பெட் என்றால் பெரும்பாலும் ஹமில்ரன் இரும்பு ஆலைகளும் அவற்றைச் சுற்றிய தொழில்களும்தான் நினைவுக்கு வரும். அந்த இரும்பையே நம்பியிருக்கும் நிறுவனத்தின் நிலை வோஷிங்டனின் முடிவுகளோடு சேர்ந்து ஆடுகிறது. 2018 ஜூனில் கனடிய உருக்குக்கு 25 வீத வரி வந்தது. 2019 மே மாதம் நீக்கப்பட்டது. 2025 மார்ச்சில் 25 வீதமாகத் திரும்பவும் வந்து, அதே ஆண்டு ஜூன் 4 அன்று 50 வீதமாக உயர்ந்தது. ஆகவே நான் பேசிய ஒவ்வோர் இடத்திலும், உங்கள் சுமைகளில் இரும்பு எத்தனை பங்கு, கட்டுமானப் பொருட்கள் எத்தனை பங்கு, இயந்திரங்கள் எத்தனை பங்கு என்று கேட்டேன். திரும்பி வரும் சுமையும் அதேயளவு முக்கியமானது. கனடிய வண்டி அமெரிக்காவுக்குள் ஓரிடத்தில் ஏற்றி அங்கேயே இன்னோரிடத்தில் இறக்கும் உள்நாட்டு வேலையைச் செய்ய முடியாது; கனடாவுக்கு வரும் சுமையே நமக்கு வேண்டும். ஒஹாயோவிலும் இந்தியானாவிலும் சொந்த வாடிக்கையாளர்கள் உள்ள நிறுவனம் அடுத்த நாளே ஏற்றி அனுப்பும். அப்படி இல்லாத நிறுவனம் வெறும் வண்டியோடு நூற்றுக்கணக்கான மைல் ஓடவைக்கும், அந்த மைலுக்கு எவரும் பணம் தருவதில்லை.

பிளாட்பெட்டில் ஓட்டுவது வேலையின் பாதி மட்டுமே. 44,000 இறாத்தல் எடையுள்ள ஓர் உருக்குச் சுருளை மரக்கட்டைகளுக்கு இடையில் கிரேன் இறக்கிவைத்ததும், மீதி எல்லாம் ஓட்டுநரின் கையில். கட்டும் சங்கிலிகளின் பாதுகாப்பான வேலைச் சுமை, சேர்த்துப் பார்க்கையில், குறைந்தது சரக்கின் எடையில் பாதியாக இருக்க வேண்டும் என்பது விதி. எட்டில் மூன்று அங்குலத் தடிமன் கொண்ட, 70ஆம் தரச் சங்கிலி ஒன்றுக்கு 6,600 இறாத்தல் என்பதால் நான்கு சங்கிலிகள் கணக்குக்குப் போதும். சுருள் முன்னே உருளக்கூடியவாறு வைக்கப்பட்டிருந்தால் நான் அதற்கு மேலும் போடுவேன். பிறகு தார்ப்பாய். மரம் ஏற்றும்போது போடும் பெரிய தார்ப்பாய் ஒன்று நூறு இறாத்தலுக்கு மேல் இருக்கும். ஜனவரிக் குளிரில் அது பலகைபோல விறைத்துவிடும், மடிப்பை விரிப்பதற்கே தோள் வலிக்கும். ஏற்றுமிடத்தில் விழாமல் தாங்கும் பாதுகாப்புப் பட்டியோ, மேலேறி விரிக்க மேடையோ இல்லாவிட்டால் சரக்கின் மேல் நின்றுதான் வேலை செய்ய வேண்டும். விழுந்து கால் முறித்தவர்களை அறிவேன். எனவே தார்ப்பாய் போடுவதற்குத் தனியே பணம் உண்டா, சங்கிலியும் பட்டியும் யார் வாங்குவது, காயப்பட்டால் எந்தக் காப்புறுதி வரும் என்ற கேள்விகளைக் கேட்க யாரும் கூச்சப்படக் கூடாது.

நிறுவனத்தின் பாதுகாப்புப் பதிவை வெளியிலிருந்தே பார்க்கலாம். பாரவூர்திப் பாதுகாப்பைக் கவனிக்கும் அமெரிக்கக் கூட்டாட்சி அமைப்பின் தளத்தில் எத்தனை வண்டிகள், எத்தனை சோதனைகள், அவற்றில் எத்தனை வண்டிகள் வீதியிலிருந்து நிறுத்தப்பட்டன என்பது இலவசமாகக் கிடைக்கும். ஒன்ராறியோவில் சிறு கட்டணம் செலுத்தி நிறுவனத்தின் சீவோர் பதிவை, அதாவது வர்த்தக வண்டி நடத்துநருக்கான மாகாணப் பதிவை, பெறலாம். பதிவு மோசமாக இருந்தால் எடைச் சாவடிகளில் அந்தப் பெயருள்ள வண்டியை அடிக்கடி உள்ளே அழைப்பார்கள். நம் வண்டி எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்த நேரம் நம்முடையதுதான் போகும்.

இவ்வளவும் இருந்தும் நம்மில் பலர், உறவினர் ஒருவர் அங்கே ஓடுகிறார் என்ற ஒரே காரணத்துக்காக ஒப்பந்தத்தைத் திறந்தும் பாராமல் கையெழுத்திடுவதைக் காண எனக்குக் கவலையாக இருக்கிறது. உறவு வேலைக்கு வழி காட்டலாம். கணக்கை நாமே பார்க்க வேண்டும். நீண்ட காலம் இரும்பு இழுத்த ஓர் அண்ணை எனக்குச் சொன்னது இது: "தம்பி, எத்தினை வீதம் எண்டு கேளாதையும். அங்கை ஓடுற ஒருத்தரிட்டைப் போன கிழமைக் கணக்குச் சீட்டைக் காட்டச் சொல்லும்." அப்படியே செய்தேன். ட்ரெயிலர் வாடகை, காப்புறுதி, இலக்கத் தகடு, ஓட்டும் நேரத்தைப் பதியும் மின்னணுக் கருவி என்று கழிவுகள் வரிசையாக இருந்த ஒரு சீட்டில், கழிவுகளுக்குப் பிறகு கையில் வந்த தொகை, வீதம் குறைந்த நிறுவனத்தின் சீட்டைவிடக் குறைவாகவே இருந்தது.

நான் சேர்ந்தது 70 வீதம் தரும், அளவில் சிறிய நிறுவனத்தில். மேலதிகக் கட்டணம் முழுதும் எனக்கு, கட்டணச் சீட்டு ஒவ்வொரு சுமைக்கும் வருகிறது, கட்டுமானப் பொருட்களும் இயந்திரங்களும் இரும்பைவிட அதிகம். கடைசியாகப் படித்தது விலகும் பிரிவை: தகட்டையும் கதவுப் பெயரையும் கருவியையும் திருப்பிக் கொடுத்தபின், அவர்கள் பிடித்துவைத்த வைப்புப் பணம் 45 நாட்களுக்குள் திரும்ப வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. அந்த 45 நாட்களுக்கும் ட்ரக்கின் தவணையைக் கட்டக்கூடிய பணத்தை வங்கியில் தனியே ஒதுக்கிவைத்த பிறகே கையெழுத்திட்டேன்.