அப்பத்தா டிரங்குப் பெட்டியில் கிடைத்த ரங்கூன் கடிதங்கள்

எல்லாக் கடிதத்திலும் மேலே பிள்ளையார் சுழி, கீழே ‘விக்ரம வருஷம் மாசி மீ’ (மீ என்றால் மாதம்). ஆங்கிலத் தேதியே கிடையாது. தமிழ் வருஷம் அறுபதுக்கு ஒருமுறை திரும்பி வருமே, இது 1881ஆ, 1941ஆ? தபால்தலைதான் காப்பாற்றியது. ஆறாம் ஜார்ஜ் முகம், பக்கத்தில் பர்மா என்ற எழுத்து. 1937-இல்தான் பர்மா இந்தியாவிலிருந்து பிரிந்தது, ஆக 1941.

மூலையில் மஞ்சள் தடவியவை நிறைய: கல்யாணம், காதுகுத்து, பிள்ளைப்பேறு. சாவுச் செய்தி ஒன்றுகூட இல்லை. துக்கக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துப் போட்டுவிடுவார்கள், வீட்டில் வைக்கக் கூடாதாம். அதனால் எங்கள் வம்சத்தில் எல்லோரும் பிறக்கிறார்கள், யாரும் சாவதில்லை!

முன்னோர் பெயர்களை மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தேடலாமே என்றான் அமெரிக்காவில் இருக்கும் தம்பி. அங்கே 72 வருஷம் கழித்துப் பெயரோடு திறந்துவிடுகிறார்கள். 1950-ஆம் வருஷத்துக் கணக்கு 2022-இல் வந்துவிட்டது. நம் ஊரில் 1948 சட்டப்படி தனிநபர் விவரத்தை யாரும் பார்க்க முடியாது. பழைய 1931 அறிக்கையைப் புரட்டினாலும் தொகைதான் கிடைக்கும், தாத்தா பெயர் கிடைக்காது.

என்னைக் கேட்டால், சொத்துப் பத்திரம்தான் உருப்படியான வழி. ‘இன்னார் குமாரர் இன்னார்’ என்று ஒவ்வொரு கிரயத்திலும் ஒரு தலைமுறை ஏறுகிறது. பெண்கள் பெயர்தான் அபூர்வம். அதற்கு மறுபடி மஞ்சள் கடிதங்களுக்கே வர வேண்டியிருக்கிறது.