அத்தை வீட்டு அவுட்பில்டிங்கும் கார்னூபியாவும்

நேத்து தென்னாப்பிரிக்கா டர்பன்ல இருக்குற சாட்ஸ்வொர்த்துல அத்தை வீட்டுக்கு போயிருந்தேன், டீ குடிச்சிட்டே பேச்சு கார்னூபியா பக்கம் திரும்பிருச்சு. கார்னூபியான்னா டர்பனுக்கு வடக்க உம்லாங்காவுக்கு பக்கத்துல இருக்குற இடம், ஒரு காலத்துல வெறும் கரும்புக்காடு, அங்கதான் டர்பன் சிட்டி ஏழை சனங்களுக்கு வீடு கட்டுது, 2014ல அப்ப ஜனாதிபதியா இருந்த ஜூமா வந்து தொடங்கி வெச்சாரே அதேதான். எனக்கு அதுல புடிச்சது இடம்தாங்க. 1994க்கு அப்புறம் கட்டுன ஆர்டிபி வீடு (ஏழைங்களுக்கு அரசாங்கம் கட்டிக் குடுக்குறது) முக்காவாசி ஊருக்கு வெளிய, நிலம் சீப்பா கிடைக்குற பக்கம், வீடு இலவசம்தான் ஆனா மினிபஸ் டாக்ஸிக்கே சம்பளம் போயிரும். இங்க வேலை பக்கத்துலயே இருக்கு.

அத்தை சிரிக்குது. அது பொறந்தது மேகஸின் பேரக்ஸ்ல, கார்ப்பரேஷன் வேலைக்காரங்க லைன் வீடு, நிறைய பேரு தமிழாளுங்க. ஒவ்வொரு இனமும் தனித்தனி ஏரியாலதான் இருக்கணும்னு குரூப் ஏரியாஸ் சட்டம் வந்து 60கள்ல எல்லாரையும் சாட்ஸ்வொர்த்துக்கு தள்ளிட்டாங்க. "அப்ப வேணாம் வேணாம்னு அழுதோம், வீடு குடுத்தான், இப்ப வேணும்னு அழுவுறாங்க, வெயிட்டிங் லிஸ்ட்லயே இருக்காங்க"ன்னுச்சு.

அத்தை வீட்டு அவுட்பில்டிங்ல, அதாவது வீட்டோட இருக்குற தனிக்கட்டடத்துல, வாடகைக்கு இருக்குற அக்காவும் அந்த லிஸ்ட்லதான். குடும்ப வருமானம் மாசம் 3500 ராண்டுக்குள்ள இருந்தாதான் இலவச வீடு, அது 40 சதுர மீட்டர், எட்டு வருசத்துக்கு விக்க முடியாது. பாவம், ஓவர்டைம் செஞ்சா லிமிட்ட தாண்டிருவேனோன்னு பயப்படுது (இது என்ன கணக்கோ!). போகும்போது ஃபார்ம் பிரிண்ட் எடுத்துட்டு வரச் சொல்லுச்சு. எடுத்தாச்சு, சனிக்கிழமை குடுக்கணும்.