3,000 சுற்று

அனல்மின் நிலையத்தின் கண்ட்ரோல் ரூமில் 11 வருடம். அப்புறம் மின்கட்டமைப்பை நடத்துகிற லோடு டெஸ்பாட்ச் மையத்தில் 9 வருடம். நிலக்கரியா சூரியனா என்று எங்காவது வாதம் கிளம்பினால் இரண்டு தரப்பும் என்னைத் தங்கள் ஆள் என்று நினைத்துத் திரும்பிப் பார்க்கும். இரண்டு தரப்புக்கும் நான் ஏமாற்றம்தான்.

எங்கள் யூனிட், அதாவது ஒரு பாய்லரும் டர்பைனும் ஜெனரேட்டரும் சேர்ந்த தொகுதி, 500 மெகாவாட். முழு லோடில் ஓடினால், எங்களுக்கு வந்த கரியின் தரத்துக்கு, ஒரு நாளைக்கு 7,000 டன்னுக்கு மேல் கேட்கும். சேர்ந்த புதிதில் ஒரு நைட் ஷிப்டில், தூக்கத்தை விரட்டுவதற்காக ஒரு கணக்குப் போட்டேன். சிம்னி வழியாக எவ்வளவு கரியமில வாயு போகிறது? கிட்டத்தட்ட 12,000 டன் வந்தது. ஷிப்ட் சீனியர் எட்டிப் பார்த்துவிட்டு, “உள்ளே போனதைவிட வெளியே வருவது அதிகமா? திரும்பப் போடு தம்பி” என்றார். போட்டேன். அதேதான் வந்தது. 12 கிலோ கார்பன் எரிந்தால் காற்றிலிருந்து ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு 44 கிலோவாக வெளியேறும். பள்ளியில் படித்ததுதான், ஆனால் அன்று இரவுதான் அது எனக்கு உறைத்தது. எதிரே இருந்த பலகையில் ட்ரம் லெவல், ஃபர்னஸ் பிரஷர், 540 டிகிரி நீராவி என்று எல்லாவற்றுக்கும் ஒரு முள் இருந்தது. இதற்கு மட்டும் இல்லை.

இன்னொன்றையும் அங்கேதான் பார்த்தேன். எரிக்கிற வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் மின்சாரமாகக் கம்பியில் ஏறும். மீதி கூலிங் டவரிலும் சிம்னியிலும் போய்விடும். “நிலக்கரி தருகிற ஆற்றல் முழுவதையும் சூரியனும் காற்றும் ஈடுகட்ட முடியுமா?” என்று பெரிய எண்களைக் காட்டி மலைக்க வைப்பவர்கள், கூலிங் டவரில் ஆவியாகப் போனதையும் அந்த எண்ணில் சேர்த்துவிடுகிறார்கள். அதை ஏன் ஈடுகட்ட வேண்டும்?

சரி, எதிர்த்தரப்புக்கு வருகிறேன். சூரியத் தகடுகள் இத்தனை யூனிட் மின்சாரம் தருகின்றன, அதனால் அனல்மின் நிலையத்தை மூடிவிடலாம் என்று மின்சார அளவை மட்டும் எண்ணுபவர்கள், அந்த இயந்திரம் வேறு என்னென்ன செய்துகொண்டிருந்தது என்று கேட்பதில்லை. எங்கள் டர்பைனும் ஜெனரேட்டரும் ஒரே தண்டில், 100 டன்னுக்கு மேல் எடையோடு, நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றும். மின்சாரத்தின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ் என்பது, விநாடிக்கு 50 என்கிற அந்தச் சுற்றுதான். எங்கோ தொலைவில் ஒரு பெரிய நிலையம் ட்ரிப் ஆனால், அதாவது திடீரென்று நின்றுவிட்டால், எங்கள் டர்பைனின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் என்கிற கருவி விழித்துக்கொண்டு நீராவியைக் கூட்டச் சில விநாடிகள் ஆகும். அதுவரை கட்டமைப்பைத் தாங்குவது அந்தத் தண்டின் வேகம்தான். கொஞ்சம் வேகத்தை இழந்து அந்த ஆற்றலைக் கம்பிக்குக் கொடுக்கும். இதற்கு யாரும் ஆணையிட்டதில்லை, பில் போட்டதும் இல்லை. கரியோடு சேர்ந்து இலவசமாக வந்த வேலை. சூரியத் தகட்டில் சுற்றுகிற பாகமே கிடையாது. அந்த வேலையை வேறு யாராவது ஏற்றாக வேண்டும். பேட்டரியும் அதற்கென்று வடிவமைத்த இன்வெர்ட்டரும் ஏற்கும், விநாடிக்கும் குறைவான நேரத்தில். ஆனால் கேட்டால்தான் ஏற்கும். திட்டத்தில் எழுதி, வாங்கி, செட்டிங் போட்டு வைத்திருக்க வேண்டும்.

செட்டிங் என்றதும் 2016 செப்டம்பர் 28 ஞாபகம் வருகிறது. தெற்கு ஆஸ்திரேலியாவில் புயலில் மின்கோபுரங்கள் சாய்ந்து, வோல்டேஜ் அடுத்தடுத்துப் பலமுறை இறங்கியது. இத்தனை முறைக்கு மேல் இறங்கினால் உற்பத்தியைக் குறைத்துக்கொள் என்று பல காற்றாலைகளில் ஒரு செட்டிங் இருந்தது. கட்டமைப்பை நடத்தியவர்களுக்கே அது தெரிந்திருக்கவில்லை. காற்றாலைகள் குறைத்துக்கொண்டன, பக்கத்து மாநிலத்திலிருந்து வந்த இணைப்பு பாரம் தாங்காமல் விழுந்தது, மாநிலமே இருண்டது. காற்றாலைதான் குற்றவாளி என்று ஒரு கூட்டம், புயல்தான் என்று இன்னொரு கூட்டம். செட்டிங்கைத் திருத்தினார்கள். அடுத்த ஆண்டே அங்கே ஹார்ன்ஸ்டேலில் 100 மெகாவாட் பேட்டரி ஓடத் தொடங்கியது. 2021 பிப்ரவரியில் டெக்சாஸ் உறைந்தபோது அதிகமாகக் கைவிட்டது இயற்கை எரிவாயு. கிணறுகளும் குழாய்களும் நிலையங்களின் கருவிகளும் உறைந்தன. அப்போதும் முதலில் விரல் நீண்டது காற்றாலையை நோக்கித்தான்.

எங்கள் யூனிட்டுக்கு வருகிறேன். நான் அங்கே இருந்த கடைசி மூன்று வருடங்களில் பகல் நேர ஆணைகள் மாறின. காலை பத்து மணிக்கு லோடைக் குறை, சாயங்காலம் ஐந்துக்கு ஏற்று. அடிமட்டம் 55 சதவீதம். முழு லோடில் நாள்கணக்கில் அசையாமல் ஓடுவதற்காகச் செய்த பாய்லர் அது. குறைக்கும்போது, கரியைப் பொடியாக்கி ஃபர்னஸுக்கு அனுப்பும் கோல் மில்களை ஒவ்வொன்றாக நிறுத்துவோம். மிச்சமிருக்கும் மில்களின் தீ மட்டும் ஃபர்னஸில் நடுங்கும். சீனியர் திரையைப் பார்க்க மாட்டார், பீப்-ஹோல் வழியாகத் தீயைத்தான் பார்ப்பார். நிறம் கொஞ்சம் மங்கினால், “ஆயில் கன் போடு” என்று கத்துவார். எண்ணெய் ஊற்றித் தீயைக் காப்பாற்றி, அதையும் சூரிய மின்சாரத்துக்கு இடம்விடுவதற்காகச் செய்கிறோம் என்பதில் எங்களுக்கு ஒரு கசப்பு இருந்தது, மறைக்க மாட்டேன். தடித்த குழாய்கள் தினமும் சூடேறி ஆறி, சூடேறி ஆறி, கடைசியில் ட்யூப் லீக். நிறுத்தி, ஆற வைத்து, உள்ளே ஏறி வெல்டிங் செய்து, திரும்ப ஏற்ற நாள்கள் ஆகும். மேலிருந்து வந்த கடிதம் பராமரிப்புக் குறைபாடு என்றது. இயக்கும் முறையே மாறியிருந்ததைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை.

லோடு டெஸ்பாட்சில் உட்கார்ந்த பிறகுதான் அந்த ஆணைகளின் மறுபக்கம் புரிந்தது. மொத்தத் தேவையிலிருந்து சூரியனையும் காற்றையும் கழித்தால் வரும் கோடு மதியம் தொய்ந்து, சாயங்காலம் செங்குத்தாக ஏறும். கலிபோர்னியாவின் மின்கட்டமைப்பு நிறுவனம் 2013-ல் இந்தக் கோட்டை வரைந்து காட்டியபோது வாத்து மாதிரி இருக்கிறது என்று பெயர் வைத்துவிட்டார்கள். அந்த வாத்தின் கழுத்தில்தான் எங்கள் ஷிப்ட். ஆனால் ஒன்று, சூரியன் எத்தனை மணிக்கு மறையும் என்பது பஞ்சாங்கத்திலேயே இருக்கிறது. 500 மெகாவாட் யூனிட் சொல்லிக்கொண்டு ட்ரிப் ஆவதில்லை. அந்த 9 வருடங்களில் நடுராத்திரி என்னைப் படுக்கையிலிருந்து எழுப்பியது ஒருமுறைகூட அஸ்தமனம் இல்லை. பெரும்பாலும் ட்யூப் லீக்.

அதனால் சாயங்காலத்தைப் பற்றிய வாதம் என்னளவில் முடிந்துவிட்டது. நான்கு மணி நேரப் பேட்டரி அதைப் பார்த்துக்கொள்ளும். முடியாதது அந்த ஒரு வாரம். தொடர்ந்து மேகம், காற்றும் இல்லை என்கிற வாரம். நான்கு மணி நேரத்தை வைத்துக்கொண்டு ஏழு நாளைத் தாண்ட முடியாது. 1882-ல் லண்டனில் நிலக்கரி மின்சாரத்தைத் தொடங்கிய பிரிட்டன், 2024 செப்டம்பர் 30-ல் ராட்கிளிஃப் நிலையத்தோடு அதை முடித்துக்கொண்டது. காற்று ஓய்ந்த நாளில் அங்கேயும் எரிவாயுதான் கை கொடுக்கிறது. தண்ணீரை மேலே ஏற்றி வைத்து, வேண்டும்போது இறக்கி மின்சாரம் எடுக்கும் நீரேற்று நிலையம், தொலைதூர இணைப்பு என்று வழிகள் உண்டு, எல்லாமே கட்டி முடிக்க வருடங்கள் பிடிப்பவை. வாதம் செய்கிறவர்கள் இங்கே வந்து செய்தால் நானும் உட்கார்ந்து கேட்பேன். 2021-ல் கிளாஸ்கோ மாநாட்டில் நிலக்கரியை ‘ஒழிப்பதா’, ‘குறைப்பதா’ என்று கடைசி நிமிடம் வரை ஒரு சொல்லுக்கு மல்லுக்கட்டினார்கள். எங்களுக்கு அன்றைக்கும் சாயங்காலம் ஐந்து மணிக்கு லோடு ஏறியது.

என் பழைய யூனிட் இரண்டு வருடங்களுக்கு முன் மூடப்பட்டது. பாய்லரைப் பிரித்துவிட்டார்கள். ஜெனரேட்டரை மட்டும் டர்பைனிலிருந்து கழற்றி, கட்டமைப்போடு சேர்த்து வெறுமனே சுழல விட்டிருக்கிறார்கள், வோல்டேஜைத் தாங்குவதற்காக. சிங்க்ரனஸ் கண்டென்சர் என்று பெயர். ஜெர்மனியில் மூடிய பிப்லிஸ் அணுமின் நிலையத்தின் ஜெனரேட்டரை 2012-ல் இப்படித்தான் மாற்றினார்கள். போன மாதம் போய்ப் பார்த்தேன். ஓய்வுபெற்ற சீனியரும் வந்திருந்தார். காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, “3,000தான் தம்பி” என்றார். வெளியே வரும்போது இருவரும் பழக்க தோஷத்தில் வாசலில் நின்று ஷூவைத் தட்டினோம். கரித்தூள் எதுவும் விழவில்லை.