ஒரு வீட்டுக்கு ஒரு டிஎச்சிபி போதும்

கும்பகோணம், மாயவரம் பக்கத்துப் பழைய வீடுகள் திண்ணை, ரேழி, கூடம், முற்றம் என்று கொல்லை வரை நீளும். ரேழியில் மாட்டிய ஃபைபர் ரவுட்டரின் வைஃபை அந்தக் கனத்த சுவர்களைத் தாண்டிப் பின்கட்டுக்கு வராது. அங்கே இன்னொரு ரவுட்டரை மாட்டுவார்கள். தொல்லை தொடங்குவது அதில்தான்.

வீட்டு ரவுட்டர்கள் பெரும்பாலும் டிஎச்சிபி (கருவிகளுக்குத் தானாக ஐபி முகவரி கொடுக்கும் வேலை) ஆனில்தான் வரும். முகவரி கேட்டு போன் எல்லோருக்கும் குரல் கொடுக்கும். முதலில் பதில் சொல்வதைத்தான் பெரும்பாலும் எடுத்துக்கொள்ளும். பின்கட்டு ரவுட்டர் முந்திக்கொண்டால் தன்னையே கேட்வே (இன்டர்நெட்டுக்குப் போகும் வாசல்) என்று சொல்லிவிடும். அதனிடம் இன்டர்நெட் இல்லை. வைஃபை முழுக் கோடு காட்டும், வாட்ஸாப் போகாது. ஒரே வாய்க்காலில் இரண்டு பேர் முறை வைத்தால் என்ன ஆகும், அதேதான்.

பின்கட்டு ரவுட்டரை இணைப்பதற்கு முன்பே, லேப்டாப்பை அதில் மட்டும் செருகுங்கள். முதலில் லேன் ஐபியை (LAN, வீட்டுக்குள் அந்த ரவுட்டருக்கு உள்ள முகவரி) 192.168.1.2 ஆக்குங்கள் (முன் ரவுட்டர் 192.168.1.1 என்றால், இல்லையேல் முதல் மூன்று எண்கள் அதில் உள்ளபடி). கேபிளைப் பிடுங்கிச் செருகி, புதிய முகவரியில் உள்ளே போய், அப்புறம் டிஎச்சிபியை அணையுங்கள். வரிசை மாறினால் லேப்டாப்புக்கு முகவரி கிடைக்காமல், உள்ளேயே போக முடியாது. கடைசியாக முன் ரவுட்டரின் லேன் போர்ட்டிலிருந்து இதன் லேன் போர்ட்டுக்குக் கேபிள். வேன் (WAN, வெளி இணைப்புக்கான) போர்ட்டில் செருகாதீர்கள். 'ஆக்சஸ் பாயின்ட்' மோட் இருந்தால் இத்தனையும் வேண்டாம், அதைப் போட்டுக் கேபிளைச் செருகினால் போதும்.

முன் ரவுட்டரின் டிஎச்சிபியில் 192.168.1.100 முதல் 199 வரை கொடுங்கள்; நூறு முகவரி தாராளம். லீஸ் (ஒரு கருவி முகவரியை வைத்துக்கொள்ளும் காலம்) 24 மணி நேரம். கட்டம் நிமிடத்தில் கேட்டால் 1440, நொடியில் கேட்டால் 86400. நிமிடக் கட்டத்தில் 24 என்று போட்டால், பாதி லீஸிலேயே புதுப்பிக்கக் கேட்பது வழக்கம் என்பதால், 12 நிமிடத்துக்கு ஒருமுறை எல்லாக் கருவிகளும் வந்து நிற்கும்.

பிரிண்டர், கேமரா டிவிஆர் இரண்டுக்கும் முகவரி மாறக்கூடாது. பிரிண்டரிலேயே 192.168.1.105 என்று கையால் போட்டுவிடுவது பலர் செய்யும் தவறு. கரண்ட் போய் வந்தால் பல ரவுட்டர்கள் லீஸ் பட்டியலை மறந்துவிடும். கையால் போட்டது ரவுட்டருக்குத் தெரியாததால், பிரிண்டர் அணைந்திருக்கும் நேரத்தில் அதே 105 ஒரு போனுக்குப் போகும். ரவுட்டரிலேயே கருவியின் மேக் முகவரியைப் (MAC, கருவிக்கே உரிய அடையாள எண்) பதிந்து ரிசர்வ் செய்யுங்கள். அது கரண்ட் போனாலும் அழியாது.

பின்கட்டில் நின்று போனில் கேட்வே பாருங்கள். 192.168.1.1 என்றால் சரி. லேப்டாப்பில் 169.254 என்று தொடங்கினால் யாருமே பதில் சொல்லவில்லை. முற்றத்தைத் தாண்டும் கேபிளை முதலில் பாருங்கள்.